நாற்காலி ஓரிடம், சம்பளம் ஓரிடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



சுகாதார ஆய்வு என்றால் நோயைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் சம்பளத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முனைவர் பட்டம் முடித்து ஓரிரு ஆண்டுகளே ஆன ஒரு சுகாதார ஆய்வாளர் எந்த அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறார்? அவருக்கு யார் சம்பளம் தருகிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளுக்கு நாம் சொல்லும் பதில்தான் அவருடைய ஆய்வு ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தை எட்டுமா எட்டாதா என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது.

இன்றைய வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆய்வு நல்கை பெற்றவர் பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ சேர்கிறார். சுகாதாரத் துறையின் இயக்குநரகங்கள் இருக்கும் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துக்குக் கடிதம் எழுதித் தரவு கேட்கிறார். காத்திருக்கிறார். தரவு வந்ததும் கட்டுரை எழுதுகிறார், அது ஓர் ஆங்கில ஆய்விதழில் வெளியாகிறது. அதே வளாகத்தில் ஓர் இணை இயக்குநர், எந்தெந்த வட்டாரங்களில் சர்க்கரை நோயாளிகள் இரண்டாம் மாத மாத்திரை வாங்க வராமல் போகிறார்கள், ஏன் என்று தெரியாமலேயே ஆய்வுக் கூட்டத்துக்குக் கோப்பை எடுத்துக்கொண்டு போகிறார். கேள்வி வைத்திருப்பவரும் விடை தேடத் தெரிந்தவரும் ஒரே ஊரில் இருக்கிறார்கள். சந்திப்பதில்லை.

என் கருத்து இதுதான்: இளம் ஆய்வாளரின் நாற்காலி சுகாதாரத் துறைக்குள் இருக்க வேண்டும், அவருடைய சம்பளம் துறைக்கு வெளியிலிருந்து வர வேண்டும். இரண்டும் பல்கலைக்கழகத்திடமே இருந்தால் கேள்வி மக்களின் தேவையிலிருந்து விலகிப் போகும். இரண்டும் துறையிடமே இருந்தால் விடை வளையும்.

1. கேள்வி எங்கே பிறந்தது

சென்னையிலிருந்தே தொடங்குகிறேன். 1950களின் நடுவில் காசநோய்க்கு மருந்துகள் வந்துவிட்டன. ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியாசிட் மூன்றும் இருந்தன. இல்லாதது படுக்கை. நோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்து, ஓய்வும் சத்தான உணவும் கொடுத்துக் குணப்படுத்துவதே அன்றைய மருத்துவ மரபு. அந்த மரபின்படி நடக்க வேண்டுமென்றால் இந்நாட்டின் நோயாளிகளில் ஒரு சிறு பங்கினருக்குக்கூட இடம் கிடைத்திருக்காது. மருந்தை வீட்டிலேயே கொடுத்தால் குணமாகுமா, வீட்டிலிருக்கும் குழந்தைகளுக்கு நோய் பரவுமா என்ற கேள்வி எந்த ஆய்வகத்திலும் பிறக்கவில்லை. படுக்கை ஒதுக்க வேண்டியிருந்தவர்களின் மேசையில் பிறந்தது.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து இங்கே காசநோய் வேதிமருத்துவ மையத்தைத் தொடங்கின. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் அதற்குத் தலைமை ஏற்றார். நகரின் நெருக்கமான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில், மற்றவர்கள் வீட்டில். இருவருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. வீட்டிலிருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாக உழைத்தார்கள், நெரிசலில் தூங்கினார்கள். ஆனாலும் அவர்கள் குணமடைந்த விகிதம் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகவே இருந்தது. அவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. 1959இல் முடிவு வெளியானது. அதன் பிறகு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சை சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு நகரத் தொடங்கியது. அந்த மையம்தான் இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

ஓர் ஆய்வு முடிவு நோயாளியின் படுக்கையை வந்தடைய 17 ஆண்டுகள் ஆகும் என்று 2000இல் வெளியான ஒரு மதிப்பீடு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தக் கணக்குப் போட்ட முறை பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. இழுபறி உண்டு என்பதில் விவாதமில்லை. சென்னை ஆய்வு விரைவாகப் பயன்பட்டதற்கு அதன் துல்லியம் ஒரு காரணம். இன்னொரு காரணம், விடைக்காக ஓர் அரசு காத்துக்கொண்டிருந்தது. அதே சமயம் செலவும் பொறுப்பும் நான்கு தரப்பிடம் பகிர்ந்திருந்ததால், எந்த ஒரு தரப்பும் தனக்கு வசதியான விடையை எழுதச் சொல்லியிருக்க முடியாது.

2. மத்தியில் சம்பளம், மாநிலத்தில் மேசை

சம்பளத்தையும் இடத்தையும் பிரித்து வைக்கும் ஏற்பாட்டை ஒரு திட்டமாகவே நடத்திய நாடுகள் உண்டு. அமெரிக்காவில் 1951இல் அலெக்சாண்டர் லாங்முயர் தொடங்கிய கொள்ளைநோய்ப் புலனாய்வுப் பணி அவற்றுள் மூத்தது. இளம் மருத்துவர்களை மத்திய அரசின் சம்பளத்தில் எடுத்து, 2 ஆண்டுகள் பயிற்சி கொடுத்து, பலரை மாநில, உள்ளூர் சுகாதாரத் துறைகளில் அமர்த்தினார்கள். 1955இல் கட்டர் என்ற நிறுவனம் தயாரித்த போலியோ தடுப்பூசியில் உயிருள்ள கிருமி கலந்திருந்து குழந்தைகள் முடங்கியபோது, எந்த நிறுவனத்தின் மருந்து என்பதைச் சில நாட்களிலேயே சுட்டிக்காட்ட முடிந்தது. மாநிலங்களிலிருந்து நோயாளிகளின் விவரங்கள் விரைவாக வந்து சேர்ந்ததே காரணம்.

ஆனால் இன்று நான் அதிகம் பேச விரும்புவது கனடாவைப் பற்றி. அங்கே சுகாதார ஆய்வுக்கு நிதி தருவது 2000இல் உருவான கனடிய சுகாதார ஆய்வு நிறுவனங்கள் என்ற மத்திய அமைப்பு. மருத்துவமனைகளையும் மருத்துவச் சேவையையும் நடத்துவதோ மாகாண அரசுகள். 2017இல் இந்த மத்திய அமைப்பு, முனைவர் பட்டம் முடித்த இளம் ஆய்வாளர்களை மாகாண சுகாதார அமைச்சகங்களிலும் மருத்துவமனைகளிலும் வட்டார சுகாதார ஆணையங்களிலும் அமர்த்தும் ஒரு ஃபெல்லோஷிப் திட்டத்தைத் தொடங்கியது. சுகாதார அமைப்பில் தாக்கம் ஏற்படுத்துவதே நோக்கம் என்பதைத் திட்டத்தின் பெயரிலேயே வைத்தார்கள். ஆண்டுக்கு 70,000 கனடிய டாலர் வரை உதவித்தொகை, தலைமைப் பண்பும் திறனும் வளர்த்துக்கொள்ளத் தனித்தொகை. வழக்கமான முதுமுனைவர் நல்கைகள் பலவற்றைவிட இது கூடுதல். அடுத்த ஆண்டே முனைவர் பட்ட மாணவர்களுக்கும் திட்டம் விரிந்தது.

ஆய்வாளர் தம் நேரத்தின் பெரும்பகுதியை இருக்கை தந்த நிறுவனத்தில் செலவிட வேண்டும். என்ன ஆய்வு செய்வது என்பதை அந்த நிறுவனத்தின் தேவையை ஒட்டியே முடிவு செய்ய வேண்டும். வழிகாட்டிகள் இருவர்: ஒருவர் பல்கலைக்கழகப் பேராசிரியர், மற்றவர் அந்த நிறுவனத்தில் முடிவெடுக்கும் நிலையில் இருப்பவர். நிறுவனமும் செலவில் ஒரு பங்கை ஏற்க வேண்டும். இந்தக் கடைசி விதி முக்கியமானது. தன் கையிலிருந்து எதுவும் போகாதபோது, வந்து உட்காரும் இளைஞரை எந்த அலுவலகமும் மறந்துவிடும். அதனால் நான் சொல்வதைச் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும்: சம்பளத்தின் பெரும்பகுதி வெளியிலிருந்து வரட்டும், துறையும் ஒரு சிறு பங்கைத் தரட்டும். சிறு பங்கு அக்கறைக்காக. பெரும்பங்கு சுதந்திரத்துக்காக.

கனடாவின் அமைப்பு நமக்கு அந்நியமானதில்லை. நம் அரசியல் சட்டத்திலும் பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆய்வு நிதியோ பெரும்பாலும் மத்திய அரசின் சுகாதார ஆய்வுத் துறையிலிருந்தும் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திலிருந்தும் வருகிறது. மத்திய அமைப்பு சம்பளம் தர, மாநிலத் துறை நாற்காலி தர, இரண்டுக்கும் நடுவில் ஒரு பல்கலைக்கழகம் தரத்துக்குப் பொறுப்பேற்க, வேண்டிய மூன்று தரப்பும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றையும் சேர்த்துக் கட்டும் ஒப்பந்தம் ஒன்றுதான் இல்லை.

3. ஏன் இளையவர்கள்

மூத்த பேராசிரியர்களையே துறைக்கு அனுப்பலாமே என்று கேட்கலாம். ஆலோசகர்களாக அவர்கள் ஏற்கெனவே வந்துபோகிறார்கள். ஒரு கூட்டம், ஓர் அறிக்கை, அத்துடன் சரி. 2 ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்து, கிராம சுகாதார செவிலியர் எந்தப் பதிவேட்டை எப்போது நிரப்புகிறார், எந்தக் கட்டத்தை ஏன் காலியாக விடுகிறார் என்று பொறுமையாகக் கற்றுக்கொள்ள இளம் வயது வேண்டும்.

இளையவர்களுக்கும் இது தேவை. கனடாவில் முனைவர் பட்டம் பெற்றவர்களில் முழுநேரப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருப்பவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு என்று 2015இல் வெளியான ஓர் ஆய்வறிக்கை காட்டியது. மற்றவர்களை எந்த வேலைக்குத் தயார் செய்கிறோம் என்று அங்கே கல்வியாளர்கள் தங்களைக் கேட்டுக்கொண்டார்கள். சுகாதார ஆய்வாளருக்கு வேண்டிய பத்துத் திறன்களைப் பட்டியலிட்டார்கள். தரவுப் பகுப்பாய்வு அதில் உண்டு. அதோடு பேச்சுவார்த்தை நடத்துவது, ஒரு மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவது, கொள்கை எப்படி உருவாகிறது என்று அறிவது போன்றவையும் சமமாக இடம்பெற்றன. இவற்றை வகுப்பறையில் கற்றுத் தர என்னால் முடியாது. நிதித் துறை திருப்பி அனுப்பிய கோப்பை மறுபடி எழுதும் மேலாளரின் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க முடியும்.

4. இந்த மண்ணில் நடந்தது

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு, அதற்காக மீண்டும் காசநோய்க்கு வருகிறேன். காசநோயாளி ஒருவர் இறக்கிறார் என்றால், பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறக்கிறார். நோய் கண்டறியப்படும்போதே அவர் மிக மெலிந்து, மூச்சு வாங்கி, தளர்ந்து போயிருக்கிறார். மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதாது, உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். 1959இன் ஆய்வு பெரும்பாலோருக்கு வீடே போதும் என்று காட்டியது. யாருக்கு வீடு போதாது என்பது அதன் மறுபாதி. அதற்கு விடை வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

யாரைச் சேர்ப்பது? தேசிய வழிகாட்டுதலில் ரத்தப் பரிசோதனைகளும் ஊடுகதிர்ப் படமும் உள்ளிட்ட நீண்ட பட்டியல் இருந்தது. ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அத்தனையும் அன்றே செய்து முடிக்க வழியில்லை. அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகளும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து அதைச் சுருக்கினார்கள். உடல் நிறை குறியெண் 14 அல்லது அதற்கும் கீழே இருக்கிறதா? 16க்குள் இருந்து, கால்கள் வீங்கியிருக்கின்றனவா? நிமிடத்துக்கு 24 முறைக்கு மேல் மூச்சு விடுகிறாரா? ரத்தத்தில் ஆக்சிஜன் 94 விழுக்காட்டுக்குக் கீழா? பிறர் துணையின்றி எழுந்து நிற்க முடியவில்லையா? எடைக்கருவி, உயரம் அளக்கும் கோல், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி இருந்தால், மருத்துவர் வரும்வரை காத்திராமல் பணியாளரே பார்த்துச் சொல்லிவிடலாம். ஒன்றுக்கு ஆம் என்றாலும் அந்த நோயாளி உயர் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என்ற பெயரில் இது தமிழ்நாட்டில் தொடங்கியது. புதிய பணியிடமோ புதிய கட்டடமோ கேட்கவில்லை, இருக்கும் ஊழியர்களையும் படுக்கைகளையும் கொண்டே நடக்கிறது. பல மாவட்டங்களில் தொடக்ககால இறப்புகள் குறைந்திருப்பதைப் பின்னர் வெளியான ஆய்வுகள் காட்டின.

இதை ஒரு விஞ்ஞானி வெளியிலிருந்து எழுதிக் கொடுத்திருக்க முடியாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஐந்து அறிகுறிகளைத் தேர்ந்தெடுத்தது புள்ளியியல் மட்டுமல்ல. எந்தக் கருவி எந்த நிலையத்தில் இருக்கிறது, யாருக்கு நேரம் இருக்கிறது, எந்த மருத்துவமனை இரவிலும் நோயாளியை ஏற்றுக்கொள்ளும் என்ற அறிவும் சேர்ந்துதான் தேர்ந்தெடுத்தது. அந்த அறிவு மாவட்டக் காசநோய் அலுவலகங்களில்தான் இருக்கிறது. மத்திய நிறுவனத்தின் சம்பளத்தில் இருந்தவர்கள் மாநிலத் துறையோடு சேர்ந்து வேலை செய்ததால் இது சாத்தியமானது. ஃபெல்லோஷிப் என்ற பெயர் அதற்கு இல்லை. பொருள் அதுவே.

அதே அயப்பாக்கத்து நிறுவனம் 2001 முதல் களநோய்ப்பரவியல் முதுநிலைப் படிப்பை நடத்திவருகிறது. அங்கே பாதை எதிர்த்திசையில் வருகிறது: ஏற்கெனவே அரசுப் பணியில் இருக்கும் சுகாதார அலுவலர்கள் 2 ஆண்டுகள் ஆய்வு கற்றுக்கொண்டு பணிக்குத் திரும்புகிறார்கள். அவர்கள் கையாண்ட கொள்ளைநோய்ப் புலனாய்வுகள் பல. துறைக்குள் ஆய்வின் மொழி தெரிந்தவர்கள் இருப்பதால்தான் வெளியிலிருந்து வரும் இளம் ஆய்வாளரை யாராவது புரிந்துகொள்ள முடிகிறது. 1939இலேயே தனிப் பொது சுகாதாரச் சட்டம் கண்ட மாநிலம் இது. பொது சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகமும் தனிப் பணித்தொடரும் இங்கே உண்டு. ஆய்வாளருக்கு இருக்கை தரும் தகுதி வேறெந்த மாநிலத்தையும்விட நமக்குக் குறைவில்லை.

தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைச் சிலர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். 2022இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 30 இளைஞர்கள் அரசின் முக்கியத் திட்டங்களோடு 2 ஆண்டுகள் பணியாற்ற வந்தார்கள். அரசு அலுவலகத்தில் இளையவர்களுக்கு இடம் கொடுக்க முடியும் என்பதற்கு அது சான்று, அதை வரவேற்கிறேன். ஆனால் அங்கே சம்பளமும் அரசுடையது, நாற்காலியும் அரசுடையது. திட்டங்களைச் செம்மையாக நடத்த அது உதவும். திட்டம் பயன் தருகிறதா என்று சோதிக்க வேறோர் ஏற்பாடு வேண்டும்.

5. எழுத்தில் இருக்க வேண்டியவை

இந்த ஏற்பாடு கெடும் வழிகளும் எனக்குத் தெரியும். என்னிடம் படித்த ஓர் இளம்பெண் ஒரு மாவட்ட அலுவலகத்தில் ஆய்வுக்காகச் சேர்ந்தார். நன்றாகக் கணினி தெரிந்தவர் என்பதால் முதல் மாதத்திலிருந்தே ஆய்வுக் கூட்டங்களுக்குப் படக்காட்சி தயாரிக்கும் வேலை அவரிடம் வந்தது. அந்த அலுவலருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆள் பற்றாக்குறை. ஆண்டு முடிந்தபோது அவரிடம் இருந்தவை படக்காட்சிகள்தான்.

ஆகவே சில விஷயங்கள் முன்கூட்டியே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். துறையின் அன்றாட வேலைக்கு ஆய்வாளரின் நேரத்தில் எவ்வளவு என்று வரையறுக்க வேண்டும். அன்றாட வேலை அறவே கூடாது என்று நான் சொல்லவில்லை, அதில்தான் அவர் துறையைக் கற்கிறார். ஆனால் எல்லை வேண்டும். துறைசார் வழிகாட்டியை ஆளின் பெயரால் குறிக்காமல் பதவியின் பெயரால் குறிக்க வேண்டும். நம் நிர்வாகத்தில் இடமாற்றம் எந்த மாதமும் வரலாம். புதிதாக வருபவருக்கு அந்த ஆய்வாளர் யாரென்றே தெரியாமல் போனால் 2 ஆண்டு உழைப்பு அந்த நாளோடு முடிந்துவிடும். காசநோய்க்கு நிக்ஷய், கர்ப்பிணிகளுக்கு பிக்மி எனப் பெரும் பதிவகங்கள் இருக்கின்றன. நோயாளிகளின் அடையாளத்தைக் காக்கும் விதிகளுடன், சேர்ந்த முதல் வாரத்திலேயே அவற்றைப் பார்க்கும் அனுமதி வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது வெளியிடும் உரிமை. ஒரு திட்டம் பயனளிக்கவில்லை என்று ஆய்வு சொன்னால் என்ன செய்வது? துறை அதை முதலில் படிக்கட்டும். உண்மைப் பிழை இருந்தால் திருத்தட்டும், தன் மறுப்பைச் சேர்த்து அச்சிடச் சொல்லட்டும். அதற்கு ஒரு கால வரம்பு இருக்கட்டும். அந்த வரம்பு முடிந்தபின் தடுக்கும் அதிகாரம் துறைக்கு இருக்கக் கூடாது. சம்பளம் வெளியிலிருந்து வர வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது இந்த ஒரு தருணத்துக்காகத்தான். வீட்டு வாடகையை யார் தருகிறாரோ அவருக்குப் பிடிக்காத விடையை எழுத முப்பது வயது இளைஞரிடம் கேட்பது நியாயமில்லை.

அறக்கட்டளைகளுக்கும் இங்கே இடம் உண்டு. ஓர் இளம் ஆய்வாளரின் 2 ஆண்டுச் சம்பளத்தை ஓர் அறக்கட்டளை ஏற்றால், ஒரு மாவட்ட சுகாதார அலுவலகத்தில் அரசையும் சாராமல், மருந்து நிறுவனங்களையும் சாராமல் ஒருவர் உட்கார முடியும். பரிசுக்கும் பதக்கத்துக்கும் தரும் கொடையில் ஒரு பகுதியை இதற்குத் திருப்பலாம் என்பது என் வேண்டுகோள்.

6. இரண்டு ஆண்டு முடிந்த பிறகு

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் ஆய்வாளரைக் கைவிட்டுவிடுகின்றன. துறையில் 2 ஆண்டு இருந்தவர் பல்கலைக்கழக நேர்காணலுக்குப் போகிறார். எத்தனை கட்டுரைகள் என்று கேட்கிறார்கள். அவர் மாற்றியமைத்த பரிந்துரைப் படிவம் இப்போது ஒரு மாவட்டம் முழுவதும் பயன்படுகிறது என்று சொன்னால், அதற்கு மதிப்பெண் இல்லை. துறையில் நிரந்தரமாகச் சேர விரும்பினாலோ, ஆய்வாளர் என்றொரு பணியிடமே அங்கே இல்லை. மருத்துவம் படித்தவருக்கு ஏதோ ஒரு வழி உண்டு. சமூகவியலோ பொருளாதாரமோ புள்ளியியலோ படித்தவருக்கு வழியில்லை.

இங்கே வந்திருக்கும் பல்கலைக்கழகத்தாரிடமும் துறை அலுவலர்களிடமும் தனித்தனியே கேட்கிறேன். பல்கலைக்கழகம் தன் பணி நியமன விதிகளில், அரசு சுகாதார அமைப்பில் செய்த ஆய்வுப் பணியை, துறையின் எழுத்துபூர்வச் சான்றோடு, ஆய்விதழ்க் கட்டுரைக்கு இணையாக ஏற்க வேண்டும். அதை ஆட்சிக்குழு ஒரே கூட்டத்தில் செய்யலாம். துறை, பொது சுகாதார இயக்குநரகத்திலும் மாநிலக் காசநோய்ப் பிரிவிலும் மருத்துவப் பணிகள் கழகத்திலும் மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அலுவலகத்திலும் தலா ஓர் ஆய்வாளர் பணியிடத்தை உருவாக்கி, இந்த நல்கையில் வந்தவர்கள் அதற்கு விண்ணப்பிக்க வழி செய்ய வேண்டும். முதல் ஆண்டில் நான்கு பேர் போதும். யார் யாரை எங்கே அமர்த்துவது, எந்தக் கேள்விகளை முதலில் எடுப்பது என்று பேச அடுத்த மாதமே ஒரு கூட்டம் கூட்டுவதாகத் துறை நண்பர்கள் சொன்னால், என் துறை அதற்கு இடம் தரும். நானும் என் மாணவர்களும் வந்து உட்காரத் தயாராக இருக்கிறோம்.